அக்கா மகனுக்குப் பைலட் படிப்பு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான்; இயற்பியல், கணக்கு இரண்டும் உண்டு. உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளத்திலிருந்து ஏதாவது கிளம்பினால் போதும், மாடியில் கருவாடு புரட்டுவதை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து நிற்பான். காக்காய்க்குக் கொண்டாட்டம், அக்காவிடம் இவனுக்குத் திட்டு.

கமர்ஷியல் லைசென்ஸுக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும், டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வுகளும் எழுத வேண்டும் என்பதுவரை தெரியும். மச்சான் விசைப்படகுக்குப் போகிறவர். செலவை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. இதற்குள் ஒரு ஏஜென்ட் வேறு, மெடிக்கலெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் முன்பணம் கட்டுங்கள் என்று நச்சரிக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பையன் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும் என்றாலும், நிறப் பார்வையில் தேறாவிட்டால் கட்டிய பணம் என்னாவது?

கிளாஸ் 2 மெடிக்கல் (பைலட் பயிற்சிக்கு முதலில் எடுக்கும் உடல்தகுதிச் சோதனை) எடுக்க அங்கீகாரம் பெற்ற டாக்டர் மதுரைப் பக்கம் இருக்கிறாரா? கல்விக் கடனுக்கு வங்கியில் என்ன ஈடு கேட்டார்கள்? விமானப் பராமரிப்பு இன்ஜினியர் படிப்பு படித்தவர்கள் யாராவது இருந்தால், லைசென்ஸ் கையில் வர உண்மையில் எத்தனை வருடம் ஆனது என்றும் சொல்லுங்கள். அவனுக்கு அதிலும் ஆசை இருக்கிறது, அக்காவுக்கோ அதில்தான் நிம்மதி.