பெருகியிருப்பது குற்றமா, குற்றச் செய்தியா?

குலசேகரத்தான்:
என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு அருகில், ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவே உள்ள வீட்டில் தனியாக இருக்கிறார். வேறொரு மாவட்டத்தில் தனித்து வாழ்ந்த முதியவர்கள் நகைக்காகக் கொல்லப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் நான்கைந்து நாள்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததிலிருந்து விடியற்காலைத் திருப்பலிக்குப் போவதை நிறுத்திவிட்டார். இருபது ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்ட வருபவரின் நெற்றி விளக்கு மரங்களுக்கிடையே தெரிந்தால்கூடப் பதறுகிறார். உண்மையிலேயே கொலைகள் பெருகிவிட்டனவா?

பழைய துணையாசிரியர்:
தம்பி, பெருகியதாகக் கணக்கில் தெரியவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தொகுப்பின்படி 2021இல் நாடெங்கும் பதிவான கொலை வழக்குகள் 29,272. 2022இல் 28,522, அதாவது லட்சம் பேருக்கு 2.1. 1990களின் தொடக்கத்தில் இவ்விகிதம் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. உங்கள் அம்மா அஞ்சும் வகை, அதாவது ஆதாயத்துக்காக நடந்த கொலைகள், 2022இல் 1,884. தகராறுகளில் நடந்தவையோ 9,962. அதே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஆனாலும் தலைக்கவசம் இல்லாமல் மார்த்தாண்டம் சந்தைக்குப் போக நம்மில் யாரும் தயங்குவதில்லை.

நான் நாளிதழில் வேலை பார்த்த காலத்தில், மாவட்டப் பக்கத்தை நிரப்பக் காவல் நிலையத்திலிருந்து வரும் தகவலைப்போல் எளிதாகக் கிடைப்பது வேறில்லை. கொலை நடந்த மறுநாள் படத்தோடு நான்கு பத்தி போடுவோம். கைதுக்கு ஒரு பத்தி. சில ஆண்டுகள் கழித்துத் தண்டனை விதிக்கப்பட்டால், விளம்பரம் போக இடமிருந்தால், நான்கு வரி. வாசகர் மனத்தில் கொலை மட்டும் தங்கி, தண்டனை தங்காமல் போனதில் எங்களுக்கும் பங்குண்டு.

விளவங்கோட்டுக்காரி:
ஐயா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் காட்டி அச்சத்தை அடக்கிவிட முடியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் தமிழ்ச் செய்தியும் மலையாளச் செய்தியும் மாறிமாறி ஓடுவதால், இரண்டு மாநிலங்களின் கொலைகள் ஒரே கூடத்தில் வந்து இறங்குகின்றன. தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாகக் கருதுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். மகன்கள் வளைகுடாவில் இருக்க, கூப்பிட்டால் குரல் எட்டாத தொலைவில் அடுத்த வீடு இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தொலைக்காட்சிதான் பேச்சுத் துணையும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே. ஆனால் செய்திகளோ முன்பின் தெரியாதவனைக் கண்டு அஞ்சத்தான் நம்மைப் பழக்குகின்றன.

தக்கலை வாசகன்:
அக்கா சொல்வதோடு 2018ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை கடத்துபவர்கள் திரிகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். வெளியூர்க்காரர் என்பதைத் தவிர அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. தொலைக்காட்சிக்காவது ஓர் ஆசிரியர் இருக்கிறார், குடும்பக் குழுவுக்கு அவரும் இல்லை.

குலசேகரத்தான்:
மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் எண்ணிக்கையைச் சொன்னேன், "அந்த ஆயிரத்து எண்ணூறில் ஒன்று நானாக இருந்தால்?" என்று கேட்டார், பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து விளையில் இருக்கும் சித்தி தினமும் காலையில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.