பொருள்: 'விருப்பச் செயலுருபு' வேண்டாம், 'குன்றும் செயலுருபு' எப்படி?

வணக்கம்.

கட்டளையோடு நாம் தரும் மதிப்பை (ஆர்க்யுமென்ட்) 'செயலுருபு' என்கிறோம். நம் கையேட்டில், தந்தே ஆகவேண்டியதற்குக் 'கட்டாயச் செயலுருபு', விடக்கூடியதற்கு 'விருப்பச் செயலுருபு' போதும் என்று இரண்டு மடல்கள் வந்துவிட்டன. கட்டாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 'விருப்ப'தான் உதைக்கிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், புதுத் தரவுத்தளம் உருவாக்கும் கிரியேட்டிபி (createdb) கட்டளையின் விளக்கத்தில் தரவுத்தளப் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்கும், அதாவது விட்டுவிடலாம். விட்டால், வேறு அமைப்பு எதுவும் செய்யாதபோது, உங்கள் பயனர்பெயரிலேயே ஒரு தரவுத்தளம் முளைத்துவிடும். எங்கள் அலுவலகப் பயிற்சி மாணவி ஒருவர், "நான் பெயரே கொடுக்கலையே அண்ணா, இது எங்கிருந்து வந்தது?" என்று திரையைக் காட்டினார். நம் வரைவில் 'விருப்பம்' என்று இருந்ததை அவர் 'தேவையில்லை' என்று படித்திருக்கிறார். டிராப்டிபி (dropdb) கட்டளையில் கதையே வேறு. பெயர் இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும். அழிக்கிற கட்டளை அல்லவா, ஊகிக்காமல் இருப்பதே நல்லது.

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் 'கோப்பி' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கட்டிப்பாலோடு இனிப்பாக வரும். பால் வேண்டாமென்றால் 'ஓ', சீனியும் வேண்டாமென்றால் 'ஓ கொசோங்'. நாம் சொல்லாமல் விட்டதைக் கடைக்காரர் தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்கிறார். பாடநூல் 'தானமைவு' (டீஃபால்ட்) என்பது இதைத்தான்.

அதனால்தான் 'குன்றும் செயலுருபு', 'குன்றாச் செயலுருபு' என்கிறேன். செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்று வினைக்கு எட்டு முதனிலைகளை அடுக்கும் தொல்காப்பியம், அடுத்த நூற்பாவிலேயே 'குன்றுவ குன்றும்' என்கிறது. வழக்கில் எல்லாம் எப்போதும் வராது, விடக்கூடியது விடுபடும். இலக்கண வகுப்பில் படித்த 'செயப்படுபொருள் குன்றிய வினை'யும் இந்தக் குன்றுதான். மலை நினைவுக்கு வருமே என்பீர்கள். வரும், முதல் நாள் மட்டும்.

அப்புறம், கட்டளை எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் ஆப்ஷனையும் நாம் 'விருப்பம்' என்றே எழுதிவருகிறோம். காப்புப்படியிலிருந்து தரவுத்தளத்தை மீட்கும் பிஜி ரீஸ்டோர் (pg_restore) கட்டளையில் பதிப்பு 12 முதல், மீட்டெடுக்கும்போது தரவுத்தளத்தையோ வெளியீட்டுக் கோப்பையோ சுட்டும் ஆப்ஷன் ஒன்றைத் தந்தே ஆகவேண்டும். அதைக் 'கட்டாய விருப்பம்' என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.

சொல் எதுவானாலும், ஒவ்வொரு குன்றும் உருபின் கீழும் 'விட்டால்:' என்று ஒரு வரி கண்டிப்பாக வேண்டும். கிரியேட்டிபி பக்கத்தில் அது இப்படி வரும்:

தரவுத்தளப் பெயர் – குன்றும். விட்டால்: பயனர்பெயர்.

சரி, டிராப்டிபி பக்கத்தையும் இதே மாதிரி மாற்றி வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.