லீ வான் கிளீஃப்: ஹை நூனுக்கும் லியோனிக்கும் நடுவுல ஆளு என்ன பண்ணாரு?

பழையரீல்:
நேத்து நைட் ஹை நூன் (1952) பாத்தேன். படம் ஆரம்பிச்சதும் வர்ற மொத மூஞ்சியே லீ வான் கிளீஃப்தான், தனியா உக்காந்து தம் அடிச்சிட்டு இருக்காரு, அப்புறம் ரயில்வே ஸ்டேஷன்ல மவுத் ஆர்கன் வாசிக்கிறாரு, சாகுற வரைக்கும் ஒரு டயலாக் கூட கெடையாது. அதே ஆளு 1965ல இத்தாலி டைரக்டர் செர்ஜியோ லியோனியோட ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்ல கர்னல் மார்டிமரா வந்து கிளின்ட் ஈஸ்ட்வுட்டையே பொடிப்பய மாதிரி காட்டிடுறாரு. நடுவுல 13 வருஷம் எங்கப்பா போனாரு?

மேட்னி_ஷோ:
எங்கயும் போகல, செத்துக்கிட்டே இருந்தாரு 😄 கன்ஃபைட் அட் தி ஓ.கே. கொரால் (1957) பாருங்க, படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே கிர்க் டக்ளஸ் கத்தி வீசி கதைய முடிச்சிடுவாரு.

கௌபாய்_பிரியன்:
அந்த மூஞ்சிக்கு ஹாலிவுட்ல அடியாள் வேஷத்த தவிர வேற எதுவும் தோணல, அதான் மேட்டர். ஹை நூன்லயே பெரிய ரோல் தர்றோம், மூக்க மட்டும் சரி பண்ணிட்டு வான்னு கேட்டதாகவும் இவரு முடியாதுன்னுட்டதாகவும் சொல்லுவாங்க. தி பிக் காம்போ (1955) கெடைச்சா விடாதீங்க. ஒருத்தரக் கொல்றதுக்கு முன்னாடி அவரு காதுல இருக்கிற மெஷின வில்லன் உருவிடுவான், அப்புறம் இவரும் கூட்டாளியும் சுடுவாங்க, சத்தமே வராது, துப்பாக்கி நெருப்பு மட்டும் தெரியும். 1958ல கார் ஆக்சிடென்ட், முட்டி நொறுங்கிப் போச்சு. குதிரை ஏற முடியலன்னா வெஸ்டர்ன் (கௌபாய் படம்) நடிகனுக்கு என்ன வேலை இருக்கு, கொஞ்ச நாள் பெயின்டிங் பண்ணி ஓட்டினாரு. லியோனி வந்து கூப்பிடலன்னா அவ்ளோதான்.

ட்வைலைட்61:
"அவ்ளோதான்"லாம் ஓவர் ப்ரோ. டிவிய ஏன் எல்லாரும் கணக்குலயே எடுக்க மாட்டேங்கிறீங்க? ரைஃபிள்மேன்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற கேரக்டரா வருவாரு, 1961ல ட்வைலைட் ஸோன்ல தி கிரேவ் எபிசோட். அதுல ஹீரோ லீ மார்வின். அடுத்த வருஷம் லிபர்ட்டி வேலன்ஸ் படத்துல அதே மார்வினுக்கு இவரு அல்லக்கை. இப்ப கூத்து என்னன்னா கர்னல் ரோலுக்கு லியோனி மொதல்ல நெனச்ச ஆளுங்கள்ல மார்வினும் ஒருத்தர், அவரு கேட் பாலூ பண்ணப் போய் ஆஸ்கரே வாங்கிட்டாரு, அந்த சீட் இவருக்கு வந்துச்சு. அப்ப வயசு 40, லைட்டா நரை, அந்தப் பருந்துப் பார்வை. மூக்க அறுக்காம விட்டது இங்கதான் காசாச்சு!

பழையரீல்:
சூப்பர், தி கிரேவ் இன்னைக்கே பாத்துடுறேன். லியோனிக்கு அப்புறம் ஹாலிவுட்ல ஹீரோ ஆக்கினாங்களா?

கௌபாய்_பிரியன்:
இத்தாலிலதான் நெஜ ராஜ்ஜியம். தி பிக் கன்டவுன், டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ், சபாட்டா (1969)ன்னு வரிசையா. அமெரிக்கால 1972ல மேக்னிஃபிசென்ட் செவன் வரிசையோட கடைசிப் படத்துல யுல் பிரின்னர் பண்ண கிறிஸ் ரோல குடுத்தாங்க, படம் சுமார்தான். எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்ல (1981) போலீஸ் கமிஷனர், அது நச். 1984ல தி மாஸ்டர்னு நிஞ்ஜா சீரியல், 13 எபிசோட்ல மூட்டை கட்டிட்டாங்க 🙏

மேட்னி_ஷோ:
லியோனியோட குட் பேட் அக்லி மறுபடி பாத்தீங்கன்னா க்ளைமாக்ஸ்ல துப்பாக்கிகிட்ட போற இவரோட வலது கை க்ளோஸப்ப நிறுத்திப் பாருங்க, நடுவிரல் நுனி இருக்காது. மேக்கப் இல்ல, நெஜமாவே.

ட்வைலைட்61:
பிக் கன்டவுன் பாக்குறதா இருந்தா இத்தாலியன் முழு வெர்ஷன் தேடுங்க, இங்கிலீஷ்ல ஏகத்துக்கும் வெட்டிட்டாங்க.