கும்பகோணத்தில் புது டி அண்ட் டி ஆட்டம்: முதல் சண்டைக்கு யோசனை வேண்டும்

வணக்கம். ஆட நாலு பேர், கதையை நடத்த ஒரு டிஎம் (டன்ஜன் மாஸ்டர்). பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள், எல்லாரும் முதல் லெவல். களம், கல்லணை மாதிரி ஆறு பிரிகிற ஓர் அணை. மதகுகளை காப்லின் (குட்டி அரக்கர்) கூட்டம் பிடித்துவைத்திருக்கிறது; கடைமடைக்குத் தண்ணீர் இல்லை.

சிக்கல் சண்டையின் அளவில்தான். காப்லின் ஒன்றுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி; சண்டையின் கடுமையை இதை வைத்துத்தான் அளப்பது). நாலு வந்தால் 200, எண்ணிக்கைக்காக இரண்டால் பெருக்கினால் 400. நாலு முதல் லெவல் ஆட்களுக்கு அதுவே 'டெட்லி', அதாவது உயிருக்கே ஆபத்தான சண்டையின் எல்லை. காப்லின் வாள்வெட்டு ஒன்றின் சேதம் 3 முதல் 8 வரை. மந்திரவாதியின் உயிர்ப்புள்ளியோ பெரும்பாலும் 7 அல்லது 8. ஒரே வெட்டில் சாயலாம். இரண்டே இரண்டு விட்டால் 100, ஒன்றரையால் பெருக்கினாலும் 150தான், சப்பென்று போய்விடும். இரண்டிரண்டாக, நடுவில் இரண்டு ரவுண்டு விட்டு இறக்கினால் சரிவருமா?

இன்னொன்று: மதகு ஷட்டரைத் தூக்க வலிமைச் சோதனை, டிசி 15 (இருபது பக்கப் பகடையில் விழுவதோடு வலிமைக் கூட்டலைச் சேர்த்து 15ஐ எட்ட வேண்டும்). +3 உள்ளவருக்கே 45 சதவீதம்தான். தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடக் கூடாது. தோல்விக்கு என்ன விலை வைக்கலாம்? சத்தம் கேட்டு காவல் வருவதா, கரை உடைவதா?

இருபது பக்கப் பகடை தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் கிடைத்தால் இடம் சொல்லுங்கள்.