வைரஸ் உடம்பில் நடக்கும் வழி: உங்கள் அனுபவம் என்ன?

வியாசர்பாடிக்காரன்:
போன ஆடியில் பால் வாங்கப் போனபோது தெருநாய் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. இரண்டு பல் தடம், ஒரு துளி இரத்தம். வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் அதைத் தடுத்து, குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவவைத்தாள்.

"நாய்க்கு ஏதாவது ஆகிறதா என்று பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்றேன். "அண்ணா, ஊசியை இன்றே தொடங்குங்கள். நாயையும் பாருங்கள்" என்று அதட்டினாள்.

ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி வைரஸ், இரத்தத்தில் ஓடிப் பரவுவதில்லையாம். கடிபட்ட தசையில் பெருகி, நரம்பு நுனியைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல ஏறும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். முகத்தில் கடித்தால் வழி குறைவு. அந்தத் தாமதம்தான் தடுப்பூசிக்குக் கிடைக்கும் அவகாசம். மூளையை எட்டியபின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கினால் பிழைப்பது மிக மிக அரிது.

கடிவாயிலேயே போட்ட இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்தப் புரதம்) ஊசிதான் உயிர் போகிற வலி. கையில் 0, 3, 7, 28 ஆம் நாள்களில் போட்டவை எறும்புக்கடி. நாய் இன்றும் பால் கடை வாசலில்தான் படுத்திருக்கிறது. ஆனாலும் 28 ஆம் நாள் ஊசியை நான் விடவில்லை.

கொசப்பேட்டை மகள்:
நரம்பு என்றதும் அப்பா நினைவு வந்தது. அவருக்கு 68 வயதில் வலப்பக்க விலாவில் பட்டையாகக் கொப்புளம். அக்கி என்று குயவர் வீட்டில் காவி குழைத்துச் சிங்கம் எழுதிவிட்டார்கள். நான்காம் நாள்தான் மருத்துவரிடம் போனோம். மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கியிருந்தால் நல்லது என்றார்.

சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போகவே இல்லையாம்! தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு வேரில் அறுபது வருடம் உறங்கியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் விழித்து, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கியிருக்கிறது. அதனால்தான் கொப்புளம் நடுமார்பைத் தாண்டவில்லை. அம்மை வராத பேரனைக் கொப்புளம் காயும்வரை அவரிடம் விடவில்லை. அவனுக்குத் தொற்றினால் அக்கியாக அல்ல, சின்னம்மையாக வரும் என்றார்கள். புண் ஆறியும் சட்டை உரசினால் எரிகிறது என்று ஐந்து மாதம் துண்டோடு இருந்தார் அப்பா.

காசிமேட்டுத் தம்பி:
எங்கள் நாய்க்குட்டிக்கு வந்தது இவ்வளவு பொறுமைசாலி இல்லை. பார்வோ என்ற வைரஸ். திங்கள் வரை துள்ளியது, புதன் வாந்தி, வியாழன் இரத்தக் கழிச்சல், சனி விடியலில் இறந்தது. வேகமாகப் பிரியும் செல்களில்தான் அந்த வைரஸ் பெருகும். குடலின் உள்சுவர் அப்படிப்பட்ட இடம். அது மனிதருக்குத் தொற்றாது என்று தெரியாமல் அம்மா குழந்தைகளை மாமா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

தப்பு எங்களுடையது. திண்ணையைச் சோப்பு நீரால் கழுவிவிட்டு இரண்டே மாதத்தில் அடுத்த குட்டியைக் கொண்டுவந்தோம். அதற்கும் அதே வாந்தி. அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் கிடக்குமாம், சோப்புக்கு அசையாதாம். பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது இரண்டாவதையும் புதைத்திருந்தோம்.