பறவைக் கையேட்டுக்கு இன்னும் எதற்கு ஓவியம்?

லென்ஸ்காரன்:
நியூஜெர்சிக்கு வந்து மூன்று வருடம். பறவை பார்க்கப் போகிறேன் என்றால் இனம் கண்டுபிடிக்க எல்லாரும் அமெரிக்க ஓவியர் டேவிட் சிப்லியின் கையேட்டைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கினேன். 2000-இல் வந்த புத்தகம். ஆறாயிரத்துச் சொச்சம் ஓவியங்கள், அத்தனையும் ஒரே ஆள் வரைந்தது. உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் என் கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கிறது. ஓவியத்தில் இருப்பது வரைந்தவர் மனதில் உள்ள பறவை. எனக்கு மரத்தில் இருக்கிற பறவைதான் வேண்டும்.

தூரிகை:
போட்டோவிலும் மரத்தில் இருக்கிற பறவை கிடைக்காது தம்பி. அந்த நொடியும் அந்த வெயிலும்தான் கிடைக்கும். காலை வெயிலில் எடுத்த உள்ளானையும் உச்சி வெயிலில் எடுத்த அதே உள்ளானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு இனம் என்று சத்தியம் செய்வீர்கள். சிப்லி புத்தகத்தில் எல்லாப் பறவையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே மாதிரி நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க முடிவது அதனால்தான்.

இந்த வழியைப் போட்டவர் அமெரிக்க ஓவியர் ராஜர் டோரி பீட்டர்சன். அவருக்கு முன்பு பறவையைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண வேண்டுமென்றால் சுட வேண்டும், கையில் வைத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1934-இல் கையேடு வந்தபோது அவருக்கு வயது 25, பள்ளிக்கூட வாத்தியார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஹவுட்டன் மிஃப்ளின் தயங்கித் தயங்கி 2000 பிரதி போட்டது. வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். வாத்து என்றால் இறகு இறகாக வரைய மாட்டார். தூரத்துத் தண்ணீரில் நம் கண்ணுக்குத் தெரிகிற திட்டுகளை மட்டும் போட்டு, எதைப் பார்க்க வேண்டுமோ அங்கே ஒரு சின்னக் கோடு இழுத்திருப்பார். எதை விடலாம் என்று தெரிவதுதான் இதில் வேலையே. கேமராவுக்கு விடத் தெரியாது.

லென்ஸ்காரன்:
அப்போது கேமரா அப்படி இருந்தது, அதனால் வரைந்தார். பீட்டர்சனே பிற்பாடு கேமராவும் கையுமாக அலைந்தவர்தானே?

தூரிகை:
அலைந்தார். அப்படி அலைந்தவர்தான் 1980-இல் நான்காம் பதிப்புக்கு எல்லாப் படங்களையும் மறுபடி வரைந்தார். போட்டோ ஒட்டவில்லை.

ஏரிக்கரை:
நடுவில் நுழைகிறேன். ஓவியர் என்றால் தவறே வராது என்ற மாதிரி பேச வேண்டாம் அண்ணே. ஓவியர்கள் மியூசியத்தில் பஞ்சு அடைத்து வைத்த பறவைத் தோலையும் பார்த்துத்தான் வரைகிறார்கள். செத்த பறவையில் முதலில் போவது காலின் நிறமும் கண்ணின் நிறமும். காட்டில் பார்க்காமல் அதை நம்பி வரைந்தால் தப்புதான். அப்புறம், நம் ஊர்க் கையேடுகளில் பல ஓவியர்கள் பிரித்து வரைகிறார்கள். ஒருவர் கையில் பறவை ஒல்லி, அடுத்தவர் கையில் குண்டு. ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும் கதிர்க்குருவிகளில் அதுவே பெரிய தலைவலி.

லென்ஸ்காரன்:
அப்படிச் சொல்லுங்கள். சிப்லியின் இரண்டாம் பதிப்பு, 2014, முதல் அச்சில் நிறமெல்லாம் கறுத்து வந்ததே? பிறகு திருத்தி அடித்தார்கள்.

தூரிகை:
அது அச்சகத்தில் நடந்தது. போட்டோவும் அதே மையில்தானே அச்சாகிறது? ஏரிக்கரை சொன்னது மட்டும் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சிப்லி வருடக்கணக்கில் வெளியில் நின்று ஸ்கெட்ச் போட்டார். உங்கள் நியூஜெர்சி கேப் மேயிலேயே இருந்தவர்.

லென்ஸ்காரன்:
கேப் மேயைச் சொன்னீர்கள், நல்லது. அங்கேயே இருக்கும் ரிச்சர்ட் கிராஸ்லி 2011-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட போட்டோவை வைத்து ஒரு கையேடு போட்டாரே. அதில் கிட்டே, தூரத்தில், பறந்தபடி எல்லாம் உண்டு. தூரிகையே தேவைப்படவில்லை.

தூரிகை:
நல்ல புத்தகம், என்னிடமும் இருக்கிறது. ஆனால் என்ன செய்தார்? ஒவ்வொரு பறவையையும் வெட்டி எடுத்து, ஒரு காட்சிக்குள் எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கினார். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் காம்போசிஷன். கத்தரிக்கோலால் வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

லென்ஸ்காரன்:
சரி, வாய் ஜாலம் போதும். இதற்குப் பதில் சொல்லுங்கள். நேற்று வீட்டுக்குப் பின்னால் ஓக் மரத்தில் எடுத்தது, 43 படம். மஞ்சள் கலந்த பச்சை முதுகு, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. பிளாக்போல் வார்ப்ளரா, பே-பிரெஸ்டட் வார்ப்ளரா? இரண்டும் இங்கத்திய சின்னக் குருவிகள். வசந்தத்தில் குழந்தைகூடச் சொல்லிவிடும். இலையுதிர்காலத்தில் இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொள்கின்றன.

ஏரிக்கரை:
விலாவில் செம்பழுப்பு தெரிகிறதா? தெரிந்தால் பே-பிரெஸ்டட்.

லென்ஸ்காரன்:
சில படத்தில் லேசாக இருக்கிறது. வெயிலா, நிறமா என்று தெரியவில்லை.

தூரிகை:
மேலே சொன்னேனே, அந்த வெயில்தான் இது. பாதத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பிளாக்போல், கறுத்திருந்தால் மற்றது. ஏரிக்கரை சொன்ன செத்த பறவையில் இதுதான் முதலில் போகும்.

லென்ஸ்காரன்:
43 படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பாதத்துக்கு முன்னால் ஓர் ஓக் இலை.

ஏரிக்கரை:
பறவை இன்னும் இருக்கிறதா?

லென்ஸ்காரன்:
காலையில் போய் நின்றேன். இல்லை.