ஏற்காடு இறக்கத்தில் பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரில் முட்டியது

போன ஞாயிறு விடிவதற்குள் அடிவாரத்திலிருந்து ஏற ஆரம்பித்து, எட்டு மணிக்கு ஒண்டிக்கடையில் டீ குடித்தாச்சு. இறங்கும்போது இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பின் டயர் பஞ்சர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ட்யூப் மாற்றினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

நிமிர்த்தி ஏறினேன். அடுத்த வளைவு தெரிந்ததும் இடது லீவரைப் பிடித்தால், பஞ்சை அமுக்கின மாதிரி போய் ஹேண்டில்பாரில் முட்டியது. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் வேறு. வலது கையில் முன் பிரேக் நன்றாக இருந்ததால் ஓரமாக நின்றேன். நின்ற பிறகுதான் கால் நடுங்கியது.

லீவரை ஏழெட்டு முறை வேகமாகப் பம்ப் செய்தால் கொஞ்சம் இறுகுகிறது, ஒரு நிமிடம் விட்டால் மறுபடி தொளதொள. என்னுடையது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக். ஆயில் போகும் லைனுக்குள் காற்று போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதை நம்பி மீதி வளைவுகளில் இறங்க மனசு வரவில்லை. காப்பி மூட்டை ஏற்றி வந்த டெம்போக்கார அண்ணன் அடிவாரம் வரை கொண்டுவந்து விட்டார். புண்ணியவான்.

வீட்டில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடைக் கழற்றினேன். முன்பக்கம் பாதிக்கு மேல் இருக்கிறது. பின்பக்கம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, தகடு தெரிகிறது. இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வருவது என் பழக்கம். பேடு தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப லீவரில் இருக்கும் ஆயில் கீழே இறங்கும். ஆயில் குறைந்த இடத்தில் காற்று. நேராக நிற்கும்வரை அது மேலேயே கிடக்கும். கவிழ்த்ததும் ஹோஸுக்குள் நழுவிவிட்டது.

என்னுடையது ஷிமானோ கம்பெனி பிரேக், அதற்கு மினரல் ஆயில். லீவரை மட்டமாகத் திருப்பி, மேலே புனல் மாட்டி, கீழே பிஸ்டன் இருக்கும் காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் சிவப்பு ஆயிலை மெதுவாக ஏற்றினேன். முதலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு குமிழி. பிறகு ஒன்றும் வரவில்லை, முடிந்தது என்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஹோஸை லேசாகத் தட்டியதும் கடுகு கடுகாக வந்துகொண்டே இருந்தது! இந்தத் தட்டலை யாரும் விட்டுவிடாதீர்கள். பிறகு புதுப் பேடு போட்டேன். லீவர் இப்போது கல் மாதிரி நிற்கிறது.

⸻

அண்ணா, ஆயில் ஏற்றும் முன் பிஸ்டன்களை உள்ளே தள்ளி, அவை வெளியே வராமலிருக்க நடுவில் பிளாக் வைத்தீர்களா? தேய்ந்த பேடோடு ஆயிலை நிரப்பிவிட்டால், புதுப் பேடு போடப் பிஸ்டனைத் தள்ளும்போது மிஞ்சின ஆயில் போக இடமிருக்காது.

என் கதை வேறு. கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு டூவீலர் பட்டறையில், குறைந்த ஆயிலுக்குப் பைக்குக்கு ஊற்றும் டாட் 4 பிரேக் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்கும் அன்று வித்தியாசம் தெரியாது. மினரல் ஆயில் பிரேக்கின் ரப்பர் சீலுக்கு அது ஆகாது. சில வாரத்தில் சீல் உப்பி, பிடித்த லீவர் திரும்பி வரவே இல்லை. லீவர், காலிப்பர் இரண்டும் போச்சு. எந்த ஆயில் என்று லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும், கடைக்காரர் கையில் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

⸻

குப்பனூர் பாதையில் இறங்கும்போது எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். காற்றெல்லாம் இல்லை, லீவர் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. விடாமல் தேய்த்துக்கொண்டே வந்ததில் சூடேறி, பேடின் மேல்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்துவிட்டது. இறங்கி டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், விரல் நுனி வெந்துபோச்சு. தொடாதீர்கள்.

பேடை உப்புத்தாளில் தேய்த்தேன். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். பிறகு சமதளத்தில் இருபது முறை ஓட்டி ஓட்டி மெதுவாக்கினபின் பிடி திரும்பியது. இப்போது வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிடுகிறேன். அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க்குக்குக் காற்றுப் பட நேரம் கிடைக்கிறது.